பற்று வரவு: சித்தப்பா கணக்கு

பி.காம். படித்தவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கணக்கு டாலி ஆகவில்லை என்றால், வித்தியாசத்தைத் தூக்கி அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்பதற்கு எங்கள் பாடப் புத்தகம் வைத்திருக்கும் மரியாதையான பெயர் அது.

2017 ஜூலை. நாட்டுக்கே ஜி.எஸ்.டி. வந்த மாதம். எனக்கு மட்டும் கூடுதலாக இன்னொன்றும் வந்தது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது, அடிவயிறு முடிந்து தொடை ஆரம்பிக்கிற இடத்தில், வலது பக்கம், எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். விரலால் அழுத்தினேன். 'களுக்'கென்று உள்ளே போய்விட்டது. இருமினேன். 'வந்துட்டேன் ஸார்' என்று மறுபடி எட்டிப் பார்த்தது. படுத்தால் ஆப்ஸென்ட். எழுந்து நின்றால் ஆஜர்.

ஜி.எஸ்.டி.யாவது பரவாயில்லை, ஆபீஸில் நாலு பேரிடம் வாய்விட்டுத் திட்டலாம். இதை யாரிடம் போய்ச் சொல்வது? கையில், காலில் வீங்கினால் பஸ்ஸில் பக்கத்து ஸீட்காரரிடம்கூடக் காட்டி அபிப்பிராயம் கேட்கலாம். இது வந்த இடம் அப்படிப்பட்ட இடம் இல்லையே!

எனவே அனாமத்துக் கணக்கு. முதலில் 'கேஸ்' என்று எழுதினேன். பிறகு 'பைக் ஸீட் சரியில்லை' என்று மாற்றினேன். மெடிக்கல் ஷாப்பில் குரலைத் தாழ்த்தி ஒரு ஹெர்னியா பெல்ட் வாங்கிச் சட்டைக்குள் கட்டிக்கொண்டேன். இப்படியே ஒன்றரை வருஷம் ஓட்டினேன்.

அந்த ஒன்றரை வருஷத்தில் நான் யாரிடமும் ஆலோசனை கேட்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஊரில் இருக்கும் அத்தனை பேரிடமும் கேட்டேன், டாக்டரைத் தவிர. "என் ஃப்ரெண்டுக்கு ஒரு டவுட்" என்று ஆரம்பித்தால் நம் ஜனங்கள் கொட்டுகிற மருத்துவ ஞானம் இருக்கிறதே, அடடா!

எங்கள் ஆபீஸ் கேஷியர் சொன்னது: "முதுகுல ஊசி போடுவாங்க ஸார். அதுக்கப்புறம் ஆயுசுக்கும் இடுப்பு வலிதான். உட்கார்ந்தா எந்திரிக்க முடியாது." (அவர் ஆபரேஷன் இல்லாமலேயே உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார்.)

டெஸ்பாட்ச் செக்‌ஷன்காரர்: "உள்ளே வலை ஒண்ணு வெச்சுத் தைப்பாங்களாம். பத்து வருஷத்துல துருப்பிடிச்சுடுமாம்."

கேன்டீனில் ஒருவர் காதருகே வந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு: "உங்க ஃப்ரெண்டுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? குழந்தை இருக்கா? இல்லேன்னா யோசிக்கச் சொல்லுங்க. அந்த விஷயமே போயிடும்."

இவர்கள் யாரும் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இல்லை. எல்லாருமே, செய்துகொண்ட ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்ட இன்னொருவரைத் தெரிந்தவர்கள். பஸ் ஸ்டாண்ட் சுவரில் 'கத்தியின்றி ரத்தமின்றி' என்று போஸ்டர் ஒட்டுகிறவர்களுக்கு இவர்கள்தான் சம்பளமில்லாத ஏஜெண்டுகள்.

ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னைத் தடுத்தது கேஷியரும் இல்லை, கேன்டீனும் இல்லை. என் சித்தப்பா.

சித்தப்பாவுக்கு மன்னார்குடி பக்கம் கிராமம். நெல் மூட்டையை ஒற்றை ஆளாக முதுகில் ஏற்றுகிற உடம்பு. அவருக்கும் இதே வீக்கம் ரொம்ப நாளாக இருந்தது. வீட்டில் எல்லாருக்கும் தெரியும். யாரும் பேச மாட்டோம். அவர் துண்டை மடித்து இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள்வார். நடுநடுவே வைக்கோல் போர் பக்கம் ஒதுங்கிப் போய், உள்ளே தள்ளிவிட்டு ஒன்றும் நடக்காதது போல் வருவார்.

2011 நவம்பர், நல்ல மழை. ராத்திரி 9 மணிக்குச் சாப்பிட்டு எழுந்தவருக்கு வயிற்றில் வலி. 'வாயு' என்றார்கள். சித்தி ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார். வாந்தி வந்தது. 'பித்தம்' என்றார்கள். பெருங்காயம் கரைத்துக் கொடுத்தார். விடிய விடியத் தவிடு வறுத்து ஒத்தடம். காலையில் கார் பிடித்து டவுனுக்குப் போனார்கள். அங்கே பார்த்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். ஆபரேஷன் ஆகும்போது மதியம் 2 மணி. குடலில் ஒரு பகுதி கறுத்துப் போயிருந்தது என்று வெட்டி எடுத்தார்கள். 9 நாள் ஐ.சி.யூ. 10-ஆம் நாள் வீட்டுக்கு வந்தார், ஆம்புலன்ஸில்.

நான் அப்போது பி.காம். கடைசி வருஷம். சாவு வீட்டில் வந்தவர்களிடமெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட வாக்கியம் இன்னும் என் காதில் இருக்கிறது. "நல்லாத்தான் நடந்து போனாரு. வயித்தைக் கிழிச்சாங்க, போய்ட்டாரு."

எங்கள் குடும்பப் பேரேட்டில் அப்படித்தான் பதிவானது. ஆபரேஷன் கணக்கு, பற்று, ஓர் உயிர்.

இப்போது சொல்லுங்கள், அதே வீக்கத்தோடு நான் எப்படி டாக்டரிடம் போவேன்?

நானாகப் போகவில்லை. பெல்ட் காட்டிக்கொடுத்தது. அதை ரகசியமாகத் துவைத்து, மொட்டை மாடியில் இரண்டு டர்க்கி டவலுக்கு நடுவே மறைத்துக் காயப்போடுவது வழக்கம். ஒருநாள் காற்றில் டவல் பறந்துவிட்டது. பெல்ட் மட்டும் தனியாக, கொடி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

"என்னங்க இது?"

"ஜிம் பெல்ட்."

"நீங்க எப்போ ஜிம்முக்குப் போனீங்க?"

ஆடிட்டர் கேட்ட கேள்விகளுக்குக்கூடத் திணறாதவன், இந்த ஒரு கேள்விக்குத் திணறினேன். மறுநாள் சாயங்காலம் டாக்டர் வீட்டு வராந்தாவில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் மனைவியின் எஸ்கார்ட்டோடு.

உள்ளே போனால் அடுத்த அதிர்ச்சி. சர்ஜன் ஒரு அம்மா! ஐம்பது வயதிருக்கும். கணக்கு டீச்சர் மாதிரி கண்ணாடி. 'வேற டாக்டர் இல்லையா?' என்று மனைவியைக் கண்ணால் கேட்டேன். கண்ணாலேயே பதில் வந்தது. அதைப் பத்திரிகையில் எழுத முடியாது.

நிற்க வைத்தார். "இருமுங்க தம்பி." இருமினேன். அரை நிமிஷத்தில் பரிசோதனை முடிந்தது. இந்த அரை நிமிஷத்துக்கா ஒன்றரை வருஷம் கூச்சப்பட்டேன்!

மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டார். "சைக்கிள் டயர்ல ஒரு இடம் கிழிஞ்சிருந்தா, உள்ளே இருக்கிற ட்யூப் பிதுங்கி வெளியே வரும் பாத்திருக்கீங்களா? அதேதான். வயித்துச் சதைதான் டயர். குடல்தான் ட்யூப். சதையில ஒரு பலவீனமான இடம், அது வழியா குடல் எட்டிப் பார்க்குது. மருந்து, மாத்திரை, பெல்ட், எண்ணெய் எதுவும் அந்த ஓட்டையை அடைக்காது. சதையைத் தைக்கறது பழைய முறை. இப்ப பெரும்பாலும் ஒரு வலை வெச்சு அடைக்கிறோம். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மேடம்."

"அப்ப எனக்கு ஒரு தடவை சொல்லுங்க பாப்போம்."

நான் எதிர்பார்க்கவில்லை. "அது வந்து மேடம்... ட்யூப்ல... சதை பங்க்சர் ஆகி..."

அவர் சிரிக்கவில்லை. "உங்க மேல தப்பில்லை. நான் சொன்னது உங்ககிட்ட சரியா வந்து சேரலை. மறுபடி சொல்றேன்" என்றார். மூன்றாவது தடவை நான் சரியாக ஒப்பித்தேன்.

நோயாளி தலையாட்டுவதை நம்பாமல், அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைப்பது மருத்துவத்தில் ஒரு முறையாகவே இருக்கிறதாம். நல்ல முறை. டாக்டர் அறையில் தலையாட்டிவிட்டு, வாசலுக்கு வந்ததும் கம்பவுண்டரிடம் "டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்கிற கூட்டம்தானே நாம்!

திருப்பிச் சொன்னதில் ஒரு தைரியம் வந்தது. சித்தப்பா கதையைச் சொன்னேன். ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக 'ஃப்ரெண்ட்' வராமல் நானே பேசினேன்.

அவர் மூன்று கேள்விகள் கேட்டார். வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது? ஆஸ்பத்திரிக்கு எப்போது போனார்கள்? ஆபரேஷன் எத்தனை மணிக்கு? சொன்னேன்.

"17 மணி நேரம்" என்றார். "ட்யூப் கிழிசல்ல மாட்டி நெரிஞ்சுபோச்சு தம்பி. குடலுக்கு ரத்தம் போறது நின்னுபோனா, சில மணி நேரத்துலயே அழுக ஆரம்பிச்சுடும். உங்க சித்தப்பா ஆபரேஷனால போகலை. ஆபரேஷன் கிடைக்க லேட்டானதால போனார்."

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. பி.காம்.காரர்களுக்கு இது தெரிந்திருக்கும். தொகை சரியாக இருந்து, பக்கமும் சரியாக இருந்து, தப்பான கணக்கில் எழுதிவிட்டால் டிரயல் பாலன்ஸ் காட்டிக்கொடுக்காது. அது பாட்டுக்கு டாலி ஆகிவிடும். 7 வருஷத்துக்கும் மேலாக எங்கள் வீட்டுக் கணக்கு டாலி ஆகிக்கொண்டிருந்தது. 'தாமதம்' என்ற கணக்கில் எழுத வேண்டிய பற்றை 'ஆபரேஷன்' கணக்கில் எழுதிவிட்டு, அதைப் பார்த்துப் பார்த்தே நானும் தாமதித்துக்கொண்டிருந்தேன்!

"அப்ப நாளைக்கே ஆபரேஷன் பண்ணிடுங்க மேடம்" என்றேன்.

"அவசரப்படாதீங்க" என்றார். அதுதான் எனக்கு ஆச்சரியம். வலியே இல்லாத அல்லது லேசாகத் தொந்தரவு தருகிற குடலிறக்கத்தைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டு இருக்கலாம் என்பதும் மருத்துவம்தானாம். வட அமெரிக்காவில் 700-க்கும் மேற்பட்ட ஆண்களை இரண்டு கோஷ்டியாகப் பிரித்து ஒரு ஆய்வு நடந்து, 2006-ல் வெளியானது. காத்திருந்த கோஷ்டியில், ஆயிரம் பேர் ஒரு வருஷம் காத்திருந்தால் நெரிந்துபோய் அவசரமாக ஓடி வருகிறவர்கள் இரண்டு பேருக்கும் குறைவு. ஆனால் அதே ஆட்களைத் தொடர்ந்து கவனித்ததில், 10 வருஷத்துக்குள் மூன்றில் இரண்டு பேர், பெரும்பாலும் வலி தாங்காமல், தாங்களாகவே ஆபரேஷனுக்கு வந்துவிட்டார்கள்.

"காத்திருக்கறது தப்பில்லை. ஆனா டாக்டருக்குத் தெரிஞ்சு காத்திருக்கணும். எப்போ ஓடி வரணும்னு தெரிஞ்சுக்கிட்டுக் காத்திருக்கணும். நீங்க பண்ணது காத்திருக்கறது இல்லை, ஒளிஞ்சுக்கறது" என்றார். கணக்கு டீச்சர் கணக்கு டீச்சர்தான்.

எப்போது ஓடி வர வேண்டும்? இதை மட்டும் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக உள்ளே போகிற வீக்கம் போக மறுத்தால், கல் மாதிரி இறுகினால், வலி கூடிக்கொண்டே போனால், வாந்தி வந்தால், வயிறு உப்பி காற்றுகூடப் பிரியாவிட்டால், வீங்கிய இடத்தின் தோல் சிவந்தாலோ கறுத்தாலோ, ராத்திரியா பகலா என்று பார்க்காதீர்கள். ஓமத் தண்ணீர் வேண்டாம். ஒத்தடம் வேண்டாம். அமுக்கித் தள்ளவும் வேண்டாம். நேரே ஆஸ்பத்திரி.

எனக்குச் சாயங்காலமானால் ரயிலில் நின்று வருவதே வேதனையாக இருந்தது. அதனால் ஆபரேஷன் என்று நானே முடிவு செய்தேன். பிறகு கேஷியர் முதல் கேன்டீன் வரை எல்லாருடைய சந்தேகங்களையும் ஒரு பேப்பரில் எழுதிக்கொண்டு போய்க் கேட்டேன்.

வலை துருப்பிடிக்காது. அது இரும்பே இல்லை, பாலிப்ரொபிலீன் என்கிற பிளாஸ்டிக். அரிசி வருகிற வெள்ளைச் சாக்கு இருக்கிறதே, அதன் சுத்தமான, பணக்காரச் சொந்தக்காரர். 1880-களில் இத்தாலிய டாக்டர் பஸ்ஸீனி காட்டிய வழியில், நூறு வருஷத்துக்குச் சதையை இழுத்துப் பிடித்துத்தான் தைத்தார்கள். தொப்பைக்குப் பத்தாத சட்டையில் பட்டன் போட்ட மாதிரி, தையல் எப்போதும் இழுவையிலேயே இருக்கும். 1980-களில் லாஸ் ஏஞ்சல்ஸில் லிக்டன்ஸ்டீன் என்ற சர்ஜன், இழுக்காமல் வலையை ஒட்டுப்போடும் முறையைப் பிரபலமாக்கினார்.

முதுகில் போடும் ஊசியால் சிலருக்குச் சில நாள் தலைவலி வரலாம். குத்திய இடம் கொஞ்ச நாள் வலிக்கலாம். ஆயுசுக்கும் வருகிற இடுப்பு வலிக்கு அந்த ஊசிதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை.

'அந்த விஷயம்' போகுமா? இதைக் கேட்கும்போது நான் மேஜை மேல் இருந்த பேப்பர்வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போகாது என்றார். ஆனால் ஆபத்தே இல்லை என்றும் சொல்லவில்லை. சிலருக்கு மாதக்கணக்கில் வலி நீடிக்கும். சிலருக்கு மறுபடி வரும். அபூர்வமாக விதைக்குப் போகும் ரத்த ஓட்டம் பாதிக்கப்படும். கிருமி தொற்றலாம். எல்லாவற்றையும் சொன்னார். ஆச்சரியம் என்னவென்றால், 'ஒண்ணும் ஆகாது' என்று நாற்பது பேர் சொன்னபோது குறையாத பயம், 'இதெல்லாம் ஆகலாம்' என்று ஒருவர் பட்டியல் போட்டதும் குறைந்துவிட்டது. மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தில்கூட அபாயத்தைச் சொல்லிவிட்டுத்தானே பணம் கேட்கிறார்கள்!

கத்தியைப் பார்த்துப் பயப்படுவது அநியாயமான பயம் இல்லை ஸார். 1846 அக்டோபர் 16-ஆம் தேதி பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரியில், மார்ட்டன் என்ற பல் டாக்டர் ஈதர் கொடுத்து ஒருவரைத் தூங்க வைக்க, அவர் கழுத்துக் கட்டியை வலி தெரியாமல் அறுத்து எடுத்துக் காட்டினார்கள். அதற்கு முன்னால் ஆபரேஷன் என்றால் நாலு பேர் அமுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். லண்டனில் லிஸ்டன் என்ற சர்ஜனுக்குப் பெயரே அவர் வேகத்தால்தான். சில நிமிஷங்களில் காலை எடுத்துவிடுவாராம். அந்தக் காலத்தில் ஓடி ஒளிந்தவன் புத்திசாலி. பயம் அந்தப் பதிப்பிலேயே நின்றுவிட்டது. ஆபரேஷன்தான் எத்தனையோ பதிப்பு தாண்டி வந்துவிட்டது.

2019 பிப்ரவரியில் எனக்கு ஆபரேஷன். ராத்திரியிலிருந்து சாப்பாடு கூடாது என்று உத்தரவு. விடியற்காலையில் அம்மா டிபன் பாக்ஸோடு வந்து கிசுகிசுத்தார். "ரெண்டே ரெண்டு இட்லிடா. முதுகுலதானே ஊசி, வயித்துக்கு என்ன வந்துச்சு?" லாஜிக் சரியாகத்தான் இருந்தது! ஆனால் ஏன் கூடாது என்று கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். முதுகு ஊசி போதாமல் முழு மயக்கம் கொடுக்க நேரலாம். அப்போது வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. 'சாப்பிடாதே' என்று மட்டும் சொல்லியிருந்தால் அந்த இரண்டு இட்லியும் உள்ளே போயிருக்கும். காரணம் சொன்னதால் டிபன் பாக்ஸோடு திரும்பிப் போயின.

அடுத்து, கையெழுத்துப் போடும் ஒப்புதல் படிவம். நம் ஆட்கள் ஃப்ரிட்ஜ் வாங்கும்போது வாரண்டி கார்டை வரிவரியாகப் படிப்பார்கள். இதில் மட்டும் எங்கே கையெழுத்து என்று கேட்டுப் போட்டுவிட்டுக் கும்பிடுவார்கள். 2008-ல் சுப்ரீம் கோர்ட்டே ஒரு தீர்ப்பில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. என்ன செய்யப் போகிறார்கள், எதற்காக. வேறு வழி உண்டா. முக்கியமான ஆபத்துகள் என்ன. செய்யாமல் விட்டால் என்ன ஆகும் - இவற்றை டாக்டர் சொல்லி, நோயாளி ஒப்புக்கொண்டால்தான் அது ஒப்புதல். நாலே கேள்வி. சட்டம் நமக்குக் கொடுத்ததைக் கேட்க நமக்கு என்ன கூச்சம்? நான் உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். நர்ஸ் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, "இன்னும் முடியலையா? பரீட்சையா எழுதறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

தியேட்டருக்குப் போகும் வழியில் ஒருவர் பெயர் கேட்டார். வாசலில் இன்னொருவர் கேட்டார். உள்ளே மூன்றாமவர், "பேர் என்ன? என்ன ஆபரேஷன்? எந்தப் பக்கம்?" ஒரு பேனாவால் என் வலது பக்கம் அம்புக்குறி வேறு. 'ஐயோ, இவங்களுக்கே தெரியலையா!' என்று வயிற்றைக் கலக்கியது. பிறகுதான் தெரிந்தது, அது மறதி இல்லை, முறை. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த சரிபார்ப்புப் பட்டியல். டெல்லி உட்பட உலகின் 8 நகரங்களில் இதைச் சோதித்துப் பார்த்தபோது, ஆபரேஷனுக்குப் பிந்திய மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது என்று 2009-ல் வெளியிட்டார்கள். வவுச்சரில் மூன்று பேர் கையெழுத்து வாங்குகிற எங்கள் ஆபீஸ் தொல்லைக்கு இப்போது நான் மரியாதை கொடுக்கிறேன்.

ஊசி, எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது (கொஞ்சம் பெரிய எறும்பு). ஐந்து நிமிஷத்தில் கால்கள் என்னுடையவை இல்லை. மயக்க டாக்டர் என் தலைமாட்டில் உட்கார்ந்து, வாடகைக்கு ஜி.எஸ்.டி. உண்டா என்று விசாரித்தார். பதில் சொல்லி முடிப்பதற்குள் தையல் போட்டு முடித்துவிட்டார்கள்.

முதல் இரண்டு நாள் இருமலும் தும்மலும் எதிரிகள். சிரிப்பு மகா எதிரி. கேஷியர் பார்க்க வந்து, "இடுப்பு வலிக்குதா?" என்று ஆசையாகக் கேட்டார். "இல்லை" என்றதும் அவர் முகத்தில் ஓர் ஏமாற்றம். பத்தாம் நாள் ஆபீஸில் இருந்தேன்.

ஆண்களில் ஏறக்குறைய 4 பேருக்கு ஒருவருக்கு ஆயுளில் ஒரு தடவையாவது இது வருமாம். எங்கள் செக்‌ஷனில் 16 ஆண்கள். அன்றைக்குச் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தேன். மூன்று பேர் குனிந்துகொண்டார்கள்.

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் தப்பான பதிவைக் கண்டுபிடித்தால் திருத்தப் பதிவு எழுத வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சித்திரையில் ஊருக்குப் போனேன். திண்ணையில் சித்தியிடம் உட்கார்ந்து, டயர், ட்யூப், 17 மணி நேரம் எல்லாம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனேன். "சித்தப்பா ஆபரேஷனால போகலை சித்தி, லேட்டானதாலதான்..."

சித்தி முறத்தில் அரிசி புடைப்பதை நிறுத்தினார்.

"அப்ப, அன்னிக்கு ராத்திரியே கூட்டிட்டுப் போயிருந்தா..."

முட்டாள் நான். அந்தக் கணக்கை அவர்கள் ஏன் ஆபரேஷன் பெயரில் எழுதினார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. அதிலிருந்து எடுத்தால் வேறு யார் பெயரிலாவது எழுத வேண்டுமே. ராத்திரி முழுக்க ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்த கை அந்தக் கைதான்.

"உங்களுக்கு யாராவது சொன்னாங்களா சித்தி? இப்படி ஆனா உடனே தூக்கிட்டு ஓடணும்னு, அத்தனை வருஷத்துல ஒருத்தராவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லலையேப்பா."

"அப்ப உங்க பேர்ல எழுத முடியாது. அது சொல்லாம விட்டவங்க கணக்கு. காலேஜ்ல படிச்சுக்கிட்டு, தெரிஞ்சுக்காம சும்மா பாத்துக்கிட்டு இருந்த என் பேரையும் அதுல சேத்துக்குங்க."

சித்தி ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "காப்பி போடறேன்" என்று உள்ளே போனார்.

சித்தப்பா மகன் அதுவரை தூணில் சாய்ந்து செல்போனை நோண்டிக்கொண்டிருந்தான். 23 வயசு. அப்பாவின் அதே உடம்பு, அதே கூச்சம். சாயங்காலம் பஸ் ஏற்றிவிட என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவன், பாதி வழியில் பையை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். என் ஃப்ரெண்டுக்கு ஒரு டவுட்..."

பையை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டேன்.

"ஃப்ரெண்டுக்கு எந்தப் பக்கம்டா?"

"இடது பக்கம்ணே" என்றான், சட்டென்று கையை அங்கே வைத்துக்கொண்டு.

பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஒன்பதரை வரைக்கும் டவுனில் டாக்டர் இருப்பார்.